இலை பச்சையாகத்தான் இருந்தது

அன்புள்ள அண்ணா,

அன்றைக்குப் போனில் என் வேலையைப் பற்றிக் கேட்டாய். நான் சரியாகச் சொல்லவில்லை. நம் மண்ணுக்குரிய செடிகளில் இனி வரும் கோடைகளை எது தாங்கும் என்று பார்க்கிறேன். இலைகளைப் பறித்து, கை பொறுக்காத வெந்நீரில் கால் மணி நேரம் முக்கி எடுப்பேன். "இதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று நீ சிரிப்பது கேட்கிறது.

வெளியே எடுக்கும்போது எல்லா இலையும் பளபளவென்று பச்சையாகவே இருக்கும். அதை நம்பி, 'தாங்கியது' என்று குறித்துவிடக் கூடாது. ஒரு நாள் விட்டுப் பார்த்தால்தான் எது கருகியது என்று தெரியும்.

ஞாயிறன்று அப்பாவைப் பார்த்துவிட்டு, "மாடி ரூம்ல ஜம்முனு இருக்கார், நீ சும்மா அலட்டிக்காதே" என்றாய். திங்கள் காலை, கருகிய இலைகளைத் தட்டில் அடுக்கும்போது நீ சொன்ன அந்த 'ஜம்முனு' நினைவுக்கு வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். அப்பா கதவைத் திறந்து, என்னைப் பார்த்தே "யாரும்மா வேணும்?" என்றார்.

பயப்படாதே. மாடி அறையின் வெக்கை தாங்காமல் வந்த மயக்கம்தானாம்; ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். இப்போது என் வீட்டு ஏசி அறையில், "குளிருது" என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஞாயிறன்று நான் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிறன்று நீ வந்திருந்தபோது, மாடி அறையில் இருந்த ஒரே ஃபேனை உன் பக்கமே திருப்பி வைத்திருந்ததாக நேற்றுச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"பெரியவனுக்குச் சின்ன வயசுலேருந்தே சூடு தாங்காதும்மா."

உன் தங்கை