இன்னொரு ராடு

மல்லசமுத்திரம் பக்கம்,
காட்டுக்கொட்டாய்,
12-3-1983

என் சாமி வெள்ளியங்கிரிக்கு அம்மா வாழ்த்தி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் உன்னோடு போர் போடுகிற ரிக் வண்டியில் இருக்கிற பிள்ளைகளும் அந்த ராஜஸ்தான் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன். உன் கடிதம் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. மாசி மாதம் வந்து சேருகிற கடிதத்தில் பொங்கலுக்கு என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறாயே, நல்ல பிள்ளைடா நீ. பொங்கலுக்குப் பொங்கல்தான் வைத்தோம். இன்லாண்டில் எழுதினால் பாதிக் கதையிலேயே இடம் தீர்ந்துவிடும் என்று வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொல்லி எழுதுகிறேன், ஆற அமர உட்கார்ந்து படி.

முதலில் நல்ல சேதி. நம் சுட்டி எருமை கன்று போட்டுவிட்டாள், கிடாரிக் கன்று, நெற்றியில் தாயைப் போலவே வெள்ளைச் சுட்டி. கிணறு பாறை தெரியக் காய்ந்து கிடக்கிறது, விதைத்த எள் முளைத்ததோடு சரி, இந்த வருஷம் நம் வீட்டில் உலை கொதிப்பதே சுட்டி கறக்கிற பாலில்தான். என் அம்மா வீட்டு வழியில் வந்த எருமை என்பதால் எனக்கு அவள் மேல் பாசம் கொஞ்சம் கூடுதல், அது உனக்கும் தெரியும். அந்த எருமையை உன் அப்பா சந்தைக்கு ஓட்டக் கிளம்பினார். அந்தக் கூத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முந்தின வருஷம் போட்ட போர்க்கிணற்றில் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் வந்து, அப்புறம் நின்றுபோனது அல்லவா. அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு மனசு நிலையில் இல்லை. தை கடைசியில் நீரோட்டம் பார்க்கிற சடையனைக் கூட்டி வந்தார். சடையன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடெல்லாம் நடந்தான், மேல்காட்டு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அவ்வளவுதான், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டிப் போர் போட ஆரம்பித்தார்கள். பிறகு நடப்பது உனக்குத் தெரியாததா, நீ செய்கிற வேலை. புழுதி என்றால் புழுதி, நான் காயப்போட்ட மிளகாய் எல்லாம் வெள்ளையாகிவிட்டது, உன் அப்பாவைப் பார்த்தால் பழனி மலையில் திருநீற்றுக்குள் விழுந்து எழுந்து வந்தவர் போல இருந்தார். குழிக்குள் ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கும்போதும் வருகிற புழுதியை உள்ளங்கையில் பிடித்து உருண்டை பிடிக்கிறதா என்று பார்ப்பார், என் கையிலும் கொட்டி, ஏம்புள்ள, ஈரம் தெரியுதா பாரு என்பார். அது உங்க கை வேர்வைங்க என்றேன். கோபம் வந்துவிட்டது.

வெறும் புழுதியாகவே வந்திருந்தால் மத்தியானமே வண்டியை அனுப்பியிருப்பார். நடுவில் ஒரு இடத்தில் புஸ்ஸென்று தண்ணீர் பீச்சி அடித்ததே, அதுதான் எங்களைக் கெடுத்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், உன் அப்பா துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார், நான்கூட வாயைத் திறந்து சிரித்துவிட்டேன். ஒரு குடம் நிறைகிற நேரம்கூட இல்லை, நின்றுபோனது. அதற்கப்புறம் அந்த மனுஷனை யாரால் நிறுத்த முடியும். தண்ணி பக்கத்துலதான் இருக்குது, இன்னொரு ராடு எறக்குங்க, இன்னொரு ராடு எறக்குங்க என்று பொழுது சாய்கிற வரைக்கும் அதே பேச்சு. அப்பப்போ புழுதி கொஞ்சம் கறுத்து வரும், உடனே இவர் முகம் மலரும், அடுத்த ராடில் மறுபடி வெள்ளை. கடைசியில் வண்டிக்காரரே பாவம் பார்த்து, போதுங்க பெரியவரே என்று சொல்லிக் கிளம்பிப் போனார். அதோடு முடிந்தது என்று நான் தலை முழுகினேன். நாலு நாள் சும்மா இருந்துவிட்டு, கீழ்க்காட்டில் ஒன்று போட்டுப் பார்க்கலாம், சுட்டியை வர்ற சந்தைக்கு ஓட்டிவிடுகிறேன் என்று நிற்கிறார். கன்று போட்டு முழுசாய் ஒரு மாசம் ஆகவில்லை சாமி, அழுதும் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் குமாரபாளையத்திலிருந்து உன் கந்தப்பன் மாமன் வந்தான். அவன் தறி ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் லாட்டரிச் சீட்டும் கையுமாய் இருக்கிறவன், அதைச் சொல்லி உன் அப்பா அவனைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. எருமை விஷயம் கேட்டதும் அவனுக்கு ஒரே கொண்டாட்டம். வாங்க மச்சான், நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க என்றான். உன் அப்பா, நான் மண்ணை நம்பறவன்டா, உன்னாட்டம் சூதாடி இல்லை என்று குதித்தார். அதற்கு உன் மாமன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஏனுங்க மச்சான், ஒரு தரமும் விழுகாம இருந்திருந்தா நானும் எப்பவோ விட்டுத் தொலைச்சிருப்பேனுங்க, ஒரு தீபாவளிக்கு விழுந்துது, அப்புறம் ஒரு நம்பர்ல தட்டிப்போச்சு, எப்ப வரும்னு தெரியாம அப்பப்போ ஆசை காட்டுது பாருங்க, அதுதான் ஆளை உடமாட்டீங்குது, உங்களுக்கு அந்த ஒரு குடம் தண்ணி என்றான். உன் அப்பா சாப்பாடும் வேண்டாம் என்று கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியில் நம் நாய் படுத்திருந்தது. தினமும் உச்சிப்பொழுதுக்குச் சோறு ஊற்றுகிறவள் நான், அது வரும், தின்னும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடும். உன் அப்பா எப்போதாவது மனசு வந்தால் ஒரு முறுக்குத் துண்டு எறிவார், பல நாள் எறியமாட்டார், அதற்காக அது பொழுதன்னிக்கும் அவர் காலடியே கதி என்று கிடக்கிறது. இதை நான் சொல்லி, நாய்க்கு உங்க முறுக்கு, உங்களுக்குப் போருங்க என்றேன். படுத்தபடியே சிரித்துவிட்டார். சிரித்தவர் சும்மா இருந்தாரா, எழுந்து உட்கார்ந்து என்னையே திருப்பிக் கேட்டார். அப்ப நீ யாரு புள்ள, தபால்காரன் மணிச்சத்தம் கேட்டா காயற கம்பைக் கோழிக்குத் தின்னக் கொடுத்துட்டு ரோட்டுக்கு ஓடறியே, உன் மகன் மாசத்துக்கு ஒண்ணு எழுதறானா, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு எழுதறானா உனக்குத் தெரியுமா, தெரியாமத்தானே தெனமும் போய் நிக்கறே என்றார். உன் மாமன் கைதட்டிச் சிரிக்கிறான், படுபாவி.

விடுவேனா நான். பந்தயம் என்றேன். வருகிற சந்தை வரைக்கும் நான் ரோட்டுக்குப் போகவில்லை என்றால் சுட்டியும் கொட்டாயில் இருப்பாள், மழைக்காலத்தில் வேலை நின்று நீ ஊர் திரும்புகிற வரை போர் என்ற பேச்சே வீட்டில் வரக்கூடாது. நான் ஒரு தடவை போய்விட்டாலும் அவர் எருமையை ஓட்டிக்கொள்ளலாம். சரி என்றார், அவர் முகத்தில் ஜெயித்த களை அப்போதே வந்துவிட்டது. சாமி, அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு உன்னைப் பெறும்போதுகூடப் படவில்லை. ட்ரிங் ட்ரிங் என்று தபால்கார நசுருல்லா சைக்கிள் போகும், நான் உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்குத்தான் வந்திருக்குமோ, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றெல்லாம் பைத்தியக்காரத்தனமாக நினைப்பேன். உன் அப்பாவோ ஒன்றுமே நடக்காத மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கல்நெஞ்சு என்று மனசுக்குள் திட்டினேன்.

சந்தை நாள் காலையில் சுட்டியைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவிக் கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டார், நான் கடைசி நேரத்தில் தோற்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை. மணிச்சத்தம் வந்தது. வழக்கமாகக் கடந்து போகிற மணி இல்லை, நம் தடத்து முனையில் நின்று விடாமல் அடித்தது. கடிதம் இருந்தால்தான் நசுருல்லா அப்படி அடிப்பார். என் கால் ரோட்டுக்கு இழுக்கிறது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, ஒரு கையில் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார் பார், அந்த முழங்கால் வலிக்காரர் ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சுட்டி தானாகவே திரும்பித் தன் தொட்டிக்குப் போய்ச் சோளத்தட்டு தின்ன ஆரம்பித்தாள்.

கடிதத்தோடு நசுருல்லாவும் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தார். வந்தவர் சும்மா இராமல், என்னங்கம்மா, ஐயா தெனமும் டீக்கடையிலேயே என்னை மறிச்சு, மகன் தபால் இருக்குதான்னு கேட்டுட்டுத்தானுங்களே வூட்டுக்கு வருவாரு, இன்னைக்குக் காணோமேன்னுதான் மணி அடிச்சேனுங்க என்றார். பார்த்தாயா கள்ளத்தனத்தை. என்னை வாரம் முழுக்கத் தவிக்க விட்டுவிட்டு, இவர் தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டு வெற்றிலை போட்டிருக்கிறார். அன்றைக்கு எருமைக்கு எண்ணெய் தடவுகிற மும்முரத்தில் டீக்கடைக்குப் போகவில்லை, மாட்டிக்கொண்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுட்டியைக் கட்டப் போய்விட்டார். போர் பேச்சு அன்றோடு நின்றது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா சொன்னதாக மனசில் வை. அந்த ஊரிலும் யாராவது ஒரு மனுஷன் புழுதியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பான். இன்னொரு ராடு என்பான். உன் அப்பாவை நினைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, முதலாளி திட்டினாலும் பரவாயில்லை. போர் ஓடும்போது மூக்குக்குத் துண்டு கட்டிக்கொள், மறக்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

இனிமேல் மாசம் பிறந்ததும் முதல் திங்கட்கிழமை ஒரு கார்டாவது போட்டுவிடு, ரெண்டு வரி போதும். எப்போது வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் நின்றுவிட்டு மற்ற நாளில் வேலையைப் பார்ப்போம். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் மணிச்சத்தம் கேட்கிறது. உன் கடிதம் வந்து முழுசாய் ரெண்டு நாள்கூட ஆகவில்லை, அது தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கன்றுக்குப் புல் இருக்குதா பாத்துட்டு வாரேன் என்று கிளம்புகிறார். ரோட்டில் ஏதடா புல்லு.

அர்த்தநாரீசுவரர் உன்னையும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நல்லா இரு சாமி. திங்கட்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுகிற உன் அம்மா,
சி. வசந்தாமணி