மூன்றாவது இடுக்கு

இன்னாங்க,

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உங்கள் சட்டைகளை எடுத்தேன். ஒன்றின் பையில் காய்ந்து சுருங்கிய நெல்லிக்காய் ஒன்று கிடந்தது. மலை நெல்லி. மோந்து பார்த்தேன். போய்ச் சேர்ந்த பிறகும் மாட்டிக்கொண்டீர்களே என்றுதான் முதலில் தோன்றியது. கடைசியாக அந்தச் சட்டையை மாட்டியபோது மணலூர்பேட்டைக்குக் கரும்பு பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். கரும்புக் காட்டில் நெல்லி காய்க்குமா?

எனக்குத் தெரியாமல் மலைக்குப் போகிறீர்கள் என்ற சந்தேகம் பல வருஷத்துக்கு முன்னால், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போதே வந்தது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் ஓடவில்லை. மலைக்கு அந்தாண்டை என் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்து சொல்ல, நான் அழுதுகொண்டிருந்தேன். "அழாத. மலைக்குள்ள பூந்து போயிடலாம்" என்றீர்கள். அதுவரை மலை ஏறியதாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கல்வராயன் மலையின் அந்தப் பெரிய இடுக்கில், இரண்டு பக்கமும் பாறை சுவராக நிற்க, வறண்ட ஓடைக்குள் நடந்தோம். வெயிலில் பாறை சிவந்து கிடந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கண் உங்கள் கால்மேலேயே இருந்தது. எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று தெரிந்து வைத்திருந்த கால். முதல் கிளை இடுக்கில் தேன்கூடு இருக்கிறது, சத்தம் போடாதே என்றீர்கள். இரண்டாவதற்குள் நேராகப் போய் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். வழி தெரியாதவர் மாதிரி நடிக்கவாவது தெரிய வேண்டாமா!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் உங்களைப் பார்த்துச் சிரித்தாள். "எப்பவும் ஒண்டியா வருவீங்க, இன்னிக்கு ஜோடியா போய்க்கினு இருக்கீங்க?" எனக்கு அந்த 'எப்பவும்' மட்டும்தான் காதில் ஏறியது.

"இங்க இன்னா வேல உங்களுக்கு?"

"சும்மாதான். நடப்பேன்."

"சும்மா நடக்க எந்த ஆம்பள மலை ஏறுவான்? சாராயமா? இல்ல, எவளுக்காவது வூடு கட்டிக் குடுத்திருக்கீங்களா?"

சிரித்தீர்கள். திருடனும் அப்படித்தான் சிரிப்பான். மூன்றாவது இடுக்கின் வாயில் நின்று, "உள்ள ஒரு எடம் இருக்குது. திரும்பி வரும்போது காட்றேன், வர்றியா?" என்றீர்கள். "எவளைக் காட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

அம்மா முகத்தை உயிரோடு பார்த்தேன். அந்த நன்றி வேறு, இது வேறு. திரும்பும்போது பஸ் ஓடியது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் "வர்றியா?" என்று கேட்பீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பயம்தான். அங்கே நிஜமாகவே ஒருத்தி இருந்துவிட்டால் என் பிழைப்பு என்னாவது?

போன வாரம் அந்த நெல்லிக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு நானே போனேன். முழங்கால் கெஞ்சியது. அடுப்புச் சாம்பல், வளையல் துண்டு, சேலைக் கிழிசல், ஏதாவது சிக்குமா என்று தேடிக்கொண்டேதான் மூன்றாவது இடுக்குக்குள் நுழைந்தேன். ஒரு சின்னக் குட்டை இருந்தது. கரையில் நெல்லி மரம். அதன் கீழே, உட்காருவதற்கென்று சமமாகப் போட்ட இரண்டு கல். ஆடாமல் இருக்க அடியில் சில்லு செருகியிருந்தீர்கள்.

இரண்டு கல். ஒன்று உங்களுக்கு, மற்றது எவளுக்கு? குனிந்து பார்த்தேன். ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்திருந்தது. மற்றதில் பாசி கெட்டியாகப் படர்ந்திருந்தது. அதில் யாரும் உட்கார்ந்ததே இல்லை.

பாசியைச் சுரண்டிவிட்டு உட்கார்ந்தேன். பாவி மனுஷா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். "எங்க அத்த போயிட்டு வர்றீங்க?"

"சும்மாதான். நடந்துட்டு வரேன்."

அவள் நம்பவில்லை. என் முந்தானை முடிச்சையே பார்த்தாள். அதில் உங்கள் மரத்து நெல்லிக்காய், புதிதாகப் பறித்தது, கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.