திட்டுவதற்காவது நில்லுங்கள்

என்னங்க,

நைட் டியூட்டி முடிந்து நீங்கள் வருவதற்குள் நான் மெட்ராஸ் பஸ் ஏறியிருப்பேன். ஞாயிறு வகுப்புக்குப் போகாவிட்டால், தபால் வழி மக்கள் தொடர்பு மேல்படிப்பில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நெத்திலிக் குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். டியூட்டிக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் கொடுங்கள்.

"ஊருக்கெல்லாம் சேதி சொல்லப் படிக்கிற, எங்கிட்ட மட்டும் பேசமாட்டியா?" என்று கேட்டீர்களே. நான் ஆபீஸ் விட்டு வரும்போது நீங்கள் டியூட்டிக்குப் போய்விடுகிறீர்கள். யாரோடு பேசுவேன்?

முகம் பார்த்துப் பேசுவதற்கு ஈடில்லை என்று முதல் பாடத்திலேயே போட்டிருக்கிறது. நானோ சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செசிலி

இன்னொன்று: நீங்கள் டியூட்டிக்குப் போகிற நேரம்தான் நான் திரும்பி வரும் பஸ்ஸும் நம் வில்லியனூர் வரும். பஸ் ஸ்டாப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். திட்டுவதற்காவது நில்லுங்கள்.