பிரிக்காமல் வைத்திருந்த பொட்டலம்

அன்று கெலமங்கலம் பக்கத்து மாரியம்மன் கோயிலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நீங்கள், நான், இரட்டையராகப் பிறந்த நம் மகனும் மகளும், பூசாரி. ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் கண்மூடிய பிறகு திறக்காத உங்கள் பெட்டியை, ரேஷன் அட்டை தேடி இன்று காலை திறந்தேன். அன்றைய இரண்டாவது பொட்டலம் அடியில் கிடந்தது. பிரித்தேன். உள்ளே திருநீறு.

குங்குமம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பிள்ளைகள் இருவரும் ஒன்றாகப் பன்னிரண்டாவது முடித்தார்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். கிரானைட் பட்டறையில் நீங்கள் இருமி இருமிச் சம்பாதித்ததில் இன்னொருவருக்குக் கட்ட வழியில்லை. மார்க்கில் மகள்தான் முன்னே.

"ஏம்ப்பா, பசி ரெண்டு பேத்துக்கும் வருது. சலுகை மட்டும் ஒருத்தருக்கா?" என்று கேட்டாள்.

"சர்க்காரு என்ன உன் மாமனா, கேக்கறதெல்லாம் குடுக்க?" என்று சிரித்தீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் கல்லூரி இலவசமாகக் கிடைத்தால் என்ன என்று நான் கேட்டேன். "சும்மா குடுத்தா மதிப்பிருக்காது" என்றீர்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். எதுவும் சும்மா வராது, யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்று எனக்கும் தெரியும். நம் வீட்டில் கொடுத்தது யார் என்பது இன்றுதான் தெரிந்தது.

"அம்மனே சொல்லட்டும்" என்று இரண்டு பொட்டலம் மடித்தது நீங்கள். திருநீறு வந்தால் மகன், குங்குமம் வந்தால் மகள். "நீயே எடு கண்ணு" என்று அவளையே எடுக்க வைத்தீர்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். மற்றதைப் பிரிக்காமல் நீங்கள் மடியில் செருகிக்கொண்டீர்கள். அவள் எடுத்ததைப் பூசாரி பிரித்தார்: திருநீறு. அந்தத் திருநீற்றைக் கூடப் பிறந்தவன் நெற்றியில் அவளே பூசினாள். "ஒழுங்காப் படிடா, இல்லாட்டி அம்மன் கண்ணைக் குத்தும்."

அவன் படித்தான். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அவள் ஓசூரில் செல்போன் கம்பெனியில், ஷிப்ட் முழுக்க நின்றபடி. போன ஞாயிறு அவன் போனில் கெஞ்சினான்: "நான் கட்டறேன் புள்ள, அஞ்சல் வழியிலயாச்சும் சேரு."

"அம்மன் வேணாம்னு சொன்ன படிப்பு எனக்கு என்னாத்துக்கு? கம்பெனி வண்டி வந்துடும், போனை வை."

கல்லூரிக்குக் காசு கேட்காத நாடாக இருந்திருந்தால் நீங்கள் இந்தப் பொய்யை மடித்திருக்க மாட்டீர்கள். அதை நம்புகிறேன். ஆனால் "பையன் படிச்சாத்தான் வீடு நிமிரும்" என்று நேராகச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், பிறகு எப்படியாவது படித்திருப்பாள். அம்மனை அல்லவா குறுக்கே நிறுத்தினீர்கள்!

பொட்டலத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். சொன்னால் படிக்கப் போவாள். ஆனால் தினமும் உங்கள் படத்துக்கு விளக்கேற்றுகிறவளும் அவள்தான். அதற்குப் பிறகு ஏற்றுவாளா? வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அம்மனைக் கேட்க எனக்கு முகமில்லை. சொல்லட்டுமா, வேண்டாமா? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.