‘மை’ என்று எழுதிய பை

கோட்டாறு
12.3.2023

அன்புள்ள ஜினிக்கு,

சுகமாய்ப் பெர்த் போய்ச் சேர்ந்தாயா? கற்கள் பத்திரமா? நீ விமானம் ஏறும் அவசரத்தில் அலமாரியில் இருந்த பைகளையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டேன். நம் மலையின் சையனைட் பாறை பூமியின் அடியாழத்திலிருந்து உருகி வந்ததா, மேலோடே உருகிப் பிறந்ததா என்று எட்டு வருடமாய் மண்டையை உடைக்கிறேன். முதலில் அதன் வயது தெரிய வேண்டும். அதற்கான கருவி என் கல்லூரியில் ஏது? கட்டுரையில் இருவர் பெயரும் வரும் என்றாயே, அதை நினைத்து வகுப்பில் தனியாய்ச் சிரிக்கிறேன்.

வாப்பாதான் பார்க்க இல்லை. போன வருடத்திலிருந்து மீன் வண்டி முற்றத்தில் சும்மா நிற்கிறது. அதில்தானே வாப்பா நம்மை மலைக்கு ஏற்றிப் போவார்கள். “ஏட்டி, சயனைடா? தொட்ட கையோட சோறு திங்காதீங்க மக்கா!” என்பார்களே, நினைவிருக்கிறதா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தஸ்ரின்

பெர்த்
20.8.2024

என் தஸ்ரினுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. கட்டுரை வந்துவிட்டது! கி, மே, வ, தெ என்று நீ திசை எழுதிய நான்கு பைகளும் ஐம்பத்தேழு கோடி ஆண்டு. ‘மை’ மட்டும் எழுபத்தைந்து கோடி! மலையின் மையம் முதலில், ஓரங்கள் பதினெட்டுக் கோடி ஆண்டு கழித்து. ஒரே மலை இருமுறை பிறந்திருக்கிறது. கட்டுரையே அந்த ‘மை’யின்மேல்தான் நிற்கிறது.

உன் பெயரைச் சேர்க்க ஆய்வகத் தலைவர் ஒப்பவில்லை. நன்றியுரையில் ‘உள்ளூர் உதவி’ என்று போட்டிருக்கிறேன். சந்தோஷப்படு மக்கா, இதை வைத்துத்தான் எனக்கு நிரந்தர வேலை.

அன்புடன்,
ஜினி

கோட்டாறு
2.9.2024

ஜினிஷாவுக்கு,

ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். எட்டு வருடம் வெயிலில் சுத்தியல் பிடித்தவளுக்கு இரண்டு சொல்.

‘மை’ மையம் அல்ல. மைதீன் கனி. என் வாப்பா.

வாப்பாவின் கபரின் தலைமாட்டில் நட மயிலாடியில் மீசான் கல் கொத்தினார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த கல். அதுவும் சையனைட் என்று கண்டதும், விழுந்த சில்லு ஒன்றை அழுதுகொண்டே பொறுக்கி வந்தேன். அதைத்தான் நீ இடித்து, நம் மலையின் நடுவே வைத்திருக்கிறாய்.

தெரியாமல் கொடுத்தது என் தவறு. ஆனால் என் பெயரும் இருந்திருந்தால் அச்சுக்கு முன் என்னிடம் காட்டியிருப்பாய். பார்த்த நொடியில் சொல்லியிருப்பேன்.

பத்திரிகைக்கு உண்மையை எழுதப்போகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்தச் சில்லில் மீதி இருந்தால், பொடியானாலும், அனுப்பிவிடு.

தஸ்ரின்

பெர்த்
14.9.2024

தஸ்ரின்,

உன் காலைப் பிடிக்கிறேன். டிசம்பர் வரை பத்திரிகைக்கு எழுதாதே. அதற்குள் வேலை உறுதியாகிவிடும். பிறகு நானே திருத்தம் போடுகிறேன். என் வீட்டுக்காரர் ஷாஜனுக்கும் இங்கே வேலையில்லை, வீட்டுக் கடன் வேறு. அடுத்த கட்டுரையில் உன் பெயர்தான் முதலில், சத்தியமாய். உடனே பதில் போடு.

ஜினி

கோட்டாறு
26.9.2024

முனைவர் ஜினிஷா அவர்களுக்கு,

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வாப்பாவின் கல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பத்திரிகைக்கு இன்று காலை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உள்ளூர் உதவி