அசந்து தூங்குவதாக நினைத்தோம்

என் உருண்டைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் சித்தப்பாவும் இங்கே சுகம், அப்படிச் சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும், சொல்லிவிட்டேன். நீயும் சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரி எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அம்மா, உலகத்துல குறட்டை விடாதவன் யாரும்மா இருக்கான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, நான் படித்த லட்சணம் உனக்குத் தெரியும்.

கடையை மறுபடி திறந்துவிட்டோம். கம்பளம் விரித்த அந்தப் பெரிய மேசையில் இப்போது சித்தப்பா தனியாகத்தான் கண்ணாடி வெட்டுகிறார். கட்டரைக் கண்ணாடி மேல் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறார், கோடு முடிந்த பிறகுதான் விடுகிறார், நடுவில் விட்டால் கை அசைந்து கோடு கோணிவிடுமாம். உன் அப்பா இதில் கெட்டிக்காரர் என்று பெயர். ஆள் உயரக் கண்ணாடியைக்கூட ஒரே தம்மில் வெட்டிவிட்டு முகமெல்லாம் சிவந்து நிற்பார், சித்தப்பா "அண்ணன் மூச்சு விட்டா கடைக்கு நஷ்டம்" என்று கேலி பண்ணுவார், நீயும் நானும் சேர்ந்து சிரிப்போம். அந்தப் பழக்கம் மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சும்மா இருக்கும்போதும் மூச்சை அடக்கி அடக்கித்தான் விடுவார். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி, மெல்லாமல், மூச்சுக்கு இடம் கொடுக்காமல், காற்றையும் சாப்பாட்டையும் சேர்த்தே விழுங்குவார். அப்புறம் வயிறு கல் மாதிரி, ஏப்பம் மேல் ஏப்பம், நெஞ்செரிச்சல் மாத்திரை சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதோடு போய்ப் படுப்பார், வாய் ஆவென்று திறந்திருக்கும், குறட்டை இரும்பு ஷட்டரை இழுத்த மாதிரி. எழுந்தால் "தலை பாரமா இருக்கு, தூங்கின மாதிரியே இல்ல" என்பார். வயிறு வயிறு என்று வயிற்றுக்கே வைத்தியம் பார்த்தோம்.

அன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையின் பின்னறையில் படுத்தார். குறட்டை வந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். குறட்டை நின்றால் நல்ல தூக்கம் பிடித்துவிட்டது என்றுதானே நம் வீட்டில் இத்தனை காலமும் சந்தோஷப்படுவோம், நான் டிவி சத்தத்தைக்கூடக் குறைப்பேன். ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்த ஒரு அம்மாவிடம் சித்தப்பா "மெதுவா பேசுங்கம்மா, அண்ணன் இப்பத்தான் அசந்து தூங்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் பாவம், வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அளவுச் சீட்டைக் காட்டத்தான் சித்தப்பா எழுப்பப் போனார், உடம்பு சில்லிட்டிருந்ததாம். நீ சித்தப்பாவிடம் இதைக் கேட்டுவிடாதே. அந்த மனுஷன் இன்னும் பின்னறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன், ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் "இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆனால் குறட்டை நின்று சத்தமே இல்லாமல் போய், பிறகு திடுக்கென்று இழுத்து மூச்சு வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அது நல்ல தூக்கமில்லை, மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு தவித்துப் போகுமாம், உடம்புக்கு ஓய்வே கிடைக்காதாம், வருஷக்கணக்கில் அப்படியே போனால் இதயம் கெட்டுப்போகலாமாம். அப்பாவை நினைத்து அழவேண்டிய நேரத்தில் உன்னை நினைத்துவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன். காரியத்துக்கு வந்தபோது சாப்பிட்ட கையோடு முன்னறையில் பாயில் விழுந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்திருந்தது, குறட்டை வந்தது, நின்றது. நெஞ்சு மேலே எழும்பவே இல்லை. நான் கையை நீட்டுவதற்குள் ஒரு குலுக்கலோடு மூச்சு வந்தது, நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். பயணக் களைப்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். போன வாரம் வீடியோவில், ஒரு நிமிஷம் இரும்மா என்று போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆபீஸ் வேலையாக ஒரு வீட்டு வரைபடத்தில் ஏதோ கோடு இழுத்தாய். இழுத்து முடிக்கும் வரை நீ மூச்சு விடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்கிறாய், காலையில் தலை பாரம் என்கிறாய், ஆபீசில் கண் சொருகுகிறது என்கிறாய். வார்த்தை மாறாமல் உன் அப்பா பேசியதைப் போலவே இருக்கிறது. கூட இருந்த பையன் வேறு அறைக்குப் போனதற்கு "என் குறட்டைக்குப் பயந்து ஓடிட்டான்மா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனாவது பக்கத்தில் இருந்தான்.

கோபித்துக்கொள்ளாதே ராசா. மெதுவாகச் சாப்பிடு, வாயை மூடி மென்று சாப்பிடு, நடுநடுவே மூக்கால் நிதானமாக மூச்சு விடு, தட்டுக்கு யாரும் போட்டிக்கு வரப்போவதில்லை. சாப்பிட்ட உடனே படுக்காதே. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படு. கோடு போடும்போது மூச்சை விட்டுக்கொண்டே போடு, கோணினால் அழித்துவிட்டுப் போடலாம், அது கண்ணாடி இல்லை. இதெல்லாம் செய்தால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதே. தூங்கும்போது மூச்சைப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறதாம், தேவைப்பட்டால் மூச்சுக்கு உதவுகிற கருவியும் கொடுப்பார்களாம், மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டரம்மா சொன்னார். வெட்கப்பட என்ன இருக்கிறது. வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது என்று சொல்லாதே, உன் அப்பாவும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொன்னார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வேண்டும். சித்தப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு. கடிதம் கிடைத்ததும் டாக்டரைப் பார்க்கிற தேதியைச் சொல்லு, வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் சரி.

உன் அம்மா.

இங்கே இப்போது மத்தியான வெயில், அங்கே உனக்கு ராத்திரி. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகத் தூங்கிக்கொண்டிருப்பாய். உருண்டை, மூச்சு வருகிறதாடா உனக்கு?