பேனரில் சிரித்த என் முகம்

அம்மா,

இன்று காலை எருமப்பட்டி பஸ் ஸ்டாப்பில் புது ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை வாசனை இன்னும் போகவில்லை. யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள். பக்கத்தில் அவள் மதிப்பெண். நிற்க முடியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் உன்னிடம்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அதே இடத்தில்தான் அன்று பள்ளிக்கூடத்தார் கட்டிய என் படம் தொங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே நான்தான் முதல். ஆனால் மருத்துவ நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வந்தன. அந்தப் புத்தகத்தை எங்கள் பள்ளியில் திறந்ததே இல்லை. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட்டோம். கடைசியில் ஒரு மாதம் கோச்சிங் போனால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். சீட் கிடைக்கவில்லை. படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"போர்டுல இருக்கற புள்ள நீதான சாமி? எந்தக் காலேஜு?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கண்டக்டர் கேட்டார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன். அதன்பின் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

படத்தை எடுக்கச் சொல்லி நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய். "அட்மிஷன் முடியட்டுங்க" என்றார்களாம். மறுநாள் பட்டப்பகலில், டீக்கடையே வேடிக்கை பார்க்க, ஸ்டூல் மேல் ஏறி அரிவாளால் கயிற்றை அறுத்தாய். ஸ்டூலை என்னைப் பிடிக்கச் சொன்னாய்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்று அழுதேன்.

"பாக்கட்டும். மூஞ்சி உன்றது. அதைக் கட்டித் தொங்கவுட அவிங்க யாரு?"

அந்த வருடம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டே, "எனக்குச் சொல்லு சாமி, கேக்கறேன்" என்பாய். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறேனோ, அங்கே எனக்கே புரியவில்லை என்று தெரியும். மறுபடி படிப்பேன். அடுத்த தேர்வில் பல் மருத்துவம் கிடைத்தது.

இப்போது என் கிளினிக்கில் தாய்மார்கள் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள்: "எப்பங்க ஆரம்பிக்கோணும்? ஆறாவதுலயே கோச்சிங் சேத்தீரலாங்களா?" பதினொன்றில் அன்றன்றைக்கு நடத்துவதைப் புரிந்து படித்தாலே போதும் என்பேன். "நீங்க மொதத் தடவையே பாஸுங்களா?" என்றால் மட்டும் காதில் விழாததுபோல் குனிந்துகொள்வேன்.

இன்று மதியம் ஒரு தாய், மகள் பக்கத்திலிருக்கும்போதே குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு சீட்டு வரலீங்க டாக்டர்" என்றார். அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் மொதத் தடவை வரலீங்க" என்றேன்.

காது வரைக்கும் சூடேறியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அம்மா. அதை வைத்துக்கொண்டே பேசினேன்.